ஈர்க்கு நின்ற இடம்

பாலர் பள்ளிகளிலும் சின்ன வகுப்புகளிலும் புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்கு என்னுடைய ஸலாம்.

உங்களில் சிலர் அன்றைக்கு என்னைப் பார்க்க வந்தபோது, "தாய்மார் பள்ளிக்கூடப் பக்கம் எட்டியும் பாக்கிறாங்க இல்ல, உம்மா" என்று குறைப்பட்டீர்கள். தேத்தண்ணி குடித்து முடிந்தது, குறை முடியவில்லை. நான் அப்போது ஒன்றும் சொல்லவில்லை. எதையும் ஆறுதலாக, அவசரப்படாமல் சொல்லித்தான் எனக்குப் பழக்கம். அதனால் இப்போது எழுதுகிறேன். என் எழுத்து மெதுவாகத்தான் நடக்கும். நீங்களும் மெதுவாக வாருங்கள்.

ஐம்பதுகளில் மருதமுனைப் பக்கம் ஒரு பெண்பிள்ளைப் பள்ளிக்கூடத்தில் எனக்கு வேலை. அந்த வேலைக்கு இன்ன பெயர் என்று ஒன்றும் இருக்கவில்லை. எல்லாருக்கும் நான் "ராத்தா", மூத்த அக்கா மாதிரி. அந்த நாளில் எங்கள் ஆட்கள் பெண்பிள்ளைகளைத் தனியாகத் தெருவில் விடமாட்டார்கள். காலையில் நான் தலையை மூடிக்கொண்டு தெருத் தெருவாகப் போய், வாசலில் நின்று கூப்பிட்டு, பிள்ளைகளை வரிசையாக்கிக் கூட்டிக்கொண்டு வருவேன். வந்ததும் கூட்டுவது, தண்ணீர் நிரப்புவது, மாப்பால் கரைத்து ஊற்றுவது, பணிஸ் ரொட்டி பங்கிடுவது. மத்தியானம் திரும்பவும் அதே வரிசை, அதே தெரு. அரசாங்கச் சம்பளம் எடுத்த பெண் எங்கள் தெருவில் முதலில் நான்தான். அதில் எனக்குப் பெருமை உண்டு. ஏன் மறைக்க வேண்டும்?

எங்கள் பெரிய ரீச்சர், அதாவது தலைமை ஆசிரியை, மட்டக்களப்பிலிருந்து வந்தவர், தமிழ் ஆள், எங்கள் ஆட்களின் வழக்கம் தெரியாதவர். நேர்மையான மனுசி, கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அந்த வருடம் அவருக்குப் பெரிய நெருக்கடி. வரவு குறைந்துகொண்டே போனது. இப்படியே போனால் ஒரு வகுப்பை மூடி, ஒரு ரீச்சரையும் எடுத்துவிடுவோம் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். அதனால் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் தகப்பன்மார் எல்லாரையும் பள்ளிக்கூடத்துக்கு அழைத்தார். வெள்ளைச் சாறனும் தொப்பியுமாக வாங்குப் பலகைகள் நிறைய வந்து இருந்தார்கள். ரீச்சர் படிப்பைப் பற்றி நன்றாகக் கதைத்தார். எல்லாரும் "ஓம் ரீச்சர், ஓம் ரீச்சர்" என்று தலையாட்டி, பிளேன்ரீ குடித்து, மரியாதையாகப் போனார்கள். திங்கட்கிழமை வரிசை முன்னைவிடக் குட்டையாக இருந்தது.

"ராத்தா, எல்லாரும் ஓம் எண்டுதானே சொன்னாங்க?" என்று கேட்டார் ரீச்சர்.

"அவங்க ஓம் எண்டது உங்கட மரியாதைக்கு, ரீச்சர். வீடு அவங்கட இல்லையே."

"அப்ப யாருட வீடு?"

"பொம்புளையிட வீடு. எங்கட ஊருல மாப்பிள்ளதான் பொம்புளை வீட்டுக்கு வந்து இரிக்கிற. பொம்புளைப் புள்ளைகள்ற கதை எல்லாம் உம்மாமார்ற கதை. வாப்பாமார் தலையாட்டுவாங்க, அவ்வளவுதான்."

ரீச்சர் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கப் போகிறார் என்று பார்த்தால் சிரித்துவிட்டார். "அப்ப நான் அண்டைக்கு முழுக்க விருந்தாளிகளோடயா கதைச்சிருக்கன்?"

ஆனால் தாய்மாரை எப்படி அழைப்பது? பகலில் தெருவில் இறங்காத பெண்கள் அவர்கள். ஆம்பிளை ஆட்கள் போய்வரும் பள்ளிக்கூட வாசலுக்கு எவள் வருவாள்?

இந்த நேரத்தில்தான் சுபைதா வரிசைக்கு வராமல் நின்றுவிட்டாள்.

சுபைதாவுக்கு எட்டு வயது, பெரிய ரீச்சரே படிப்பிக்கும் இரண்டாம் வகுப்பு. தாய் மீராஉம்மா கெட்டிக்காரத் தறிக்காரி. தகப்பன் சாறன் மூட்டையைச் சுமந்து ஊர் ஊராகப் போய் விற்றுவிட்டு, இடைக்கிடை வீட்டுக்கு வருபவர். ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கி வந்ததால் தறி ஓய்வில்லாமல் ஓடியது. நூல் சுற்ற ஆள் வேண்டியிருந்தது. பிள்ளையை வீட்டில் நிறுத்திவிட்டாள். பெருநாளோடு முடிகிற காரியமாகவும் அது தெரியவில்லை. மீராஉம்மா நிறுத்தினால், அவள் வீட்டு வேலியை ஒட்டி இருக்கும் மற்றத் தறிக்காரிகளும் நிறுத்துவார்கள். அந்த ஒழுங்கைச் சந்து முழுக்க அவளைப் பார்த்துத்தான் நடக்கும்.

ரீச்சர் என்னைக் கூப்பிட்டார். அன்றைக்குச் சிரிப்பு இல்லை. "நேர போய்ச் சொல்லுங்க ராத்தா. பிள்ளையை அனுப்பாட்டி கோட்டுல வழக்கு வரும். சட்டம் இருக்கு. நான் சொன்னனெண்டே சொல்லுங்க."

"ஓம் ரீச்சர்" என்று சொல்லிவிட்டு நடந்தேன். மணலில் நடக்க நடக்க அந்தச் சொல் என் வாய்க்குள் கிடந்து கனத்தது. சொன்னால் நாளைக்கே பிள்ளை வருவாள், பயத்தில். ஆனால் அந்த ஒழுங்கையில் ஒரு வாசலும் எனக்குப் பிறகு திறக்காது. சொல்லாவிட்டால், ரீச்சரின் சொல்லை மீறியவளாவேன். என் வேலைக்கும் உத்தரவாதம் இல்லை.

வாசலில் தகப்பன் நின்றார், முந்தின நாள்தான் வந்திருக்கிறார். நான் வாய் திறக்குமுன்னே இரண்டு கையையும் தூக்கினார். "ராத்தா, எனக்கிட்டக் கேக்காதீங்க. நான் வந்து போற ஆள். உள்ள போங்க."

மீராஉம்மா தறியில் இருந்தாள். பக்கத்தில் சுபைதா ராட்டையைச் சுற்றிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் பிள்ளையின் கை நின்றது. தாய் ஒரு பார்வை பார்த்ததும் திரும்பவும் ஓடியது.

"வாங்க ராத்தா. இவளக் கூட்டிப் போகத்தானே வந்தீங்க? சும்மா கால் நோக நடந்து வந்திருக்கீங்க. இரிங்க."

"ஏன் புள்ள நிப்பாட்டின?"

"நீங்களே செல்லுங்க. ரெண்டு வருசமாப் போறா. என்னத்தப் படிச்சா?"

"நல்லாத்தானே படிக்கிறா."

"யாருகா கேட்ட? நான் கேக்கல்ல." அவள் தறியை நிறுத்திவிட்டுத் திரும்பினாள். "இவ ஓதுறது என்ட காதுல விழுது. பொழுதுபட மஃரிபு தொழுதுட்டுப் பாயில இருந்து ஓதுவா, நான் நூல் சுத்திக்கிட்டுக் கேப்பன். ஒரு இடம் தப்பினாத் தெரியும். உங்கட பள்ளிக்கூடத்துப் படிப்பு ஒரு நாள் என்ட காதுல விழுந்ததா? போறா, வாறா. பாலு குடிச்சன், பணிஸ் திண்டன் எண்டுறா. பணிஸ் திங்க அனுப்பவா நான் புள்ளையப் பெத்த?"

எங்கள் பள்ளிக்கூடத்தில் வாசிப்புப் புத்தகங்கள் கொஞ்சம்தான். அழுக்காகும், கிழியும் என்று அவற்றை அலுமாரிக்குள் பூட்டி வைப்போம். வகுப்பில் எடுப்போம், வகுப்பு முடிய வைப்போம். ஒரு புத்தகமும் ஒரு வீட்டு வாசலைத் தாண்டினது கிடையாது. அவள் காதில் எப்படி விழும்? அவள் படிப்பை வெறுத்து நிறுத்தவில்லை. கேட்காத ஒன்றுக்காகப் பிள்ளையை எதற்கு விடுவது என்று நிறுத்தியிருக்கிறாள்.

வாய்க்குள் கிடந்த வழக்கை நான் விழுங்கிவிட்டேன்.

"நாளைக்கு மஃரிபுக்குப் பிறகு வாறன். புள்ள படிக்கிறதக் கேளு. கேட்டுட்டு உன்ட விருப்பம்."

"கேட்டுட்டுச் சரியில்லையெண்டா?"

"அதுக்குப் பிறகு நான் இந்த வாசலுக்கு வரமாட்டன்."

சொல்லிவிட்டேன். எனக்கு அந்த அதிகாரம் இல்லை. புத்தகம் என்னுடையதும் இல்லை.

திரும்பி வந்து ரீச்சரிடம் உள்ளதை உள்ளபடி சொன்னேன். "வழக்கு எண்டு சொன்னீங்களா?" என்று கேட்டார்.

"இல்ல ரீச்சர்."

கண்ணாடி கழன்றது. துடைத்தார், திரும்பவும் துடைத்தார். "இன்ஸ்பெக்டர் வந்து புத்தகத்த எண்ணினா?"

"என்ட தலையில போடுங்க."

"உங்கட தலையில எதையெல்லாம்தான் போடுறது, ராத்தா? ஏற்கனவே பால் சட்டி வேற இருக்கு." கண்ணாடியைத் திரும்ப மாட்டினார். பிறகு சொன்னார்: "அந்த அம்மா கேட்டதுல பிழையில்ல. நானும் ஒரு தாய். என்ட பிள்ளையிட படிப்ப எனக்குத் தெரியாம ஒரு அலுமாரிக்குள்ள பூட்டி வச்சா நானும் விடமாட்டன்." அவரே போய் அலுமாரியைத் திறந்து புத்தகத்தை எடுத்துத் தந்தார். ஒரு பழைய துணியும் தந்தார், சுற்றிக்கொண்டு போக. அந்தத் திறப்பு பூட்டில் சுழன்ற நேரத்துக்காக அவருக்கு நான் இன்றைக்கும் துஆச் செய்கிறேன்.

மறுநாள் மஃரிபு தொழுது முடிந்த கையோடு போனேன். குப்பி விளக்கு எரிந்தது. சுபைதா பாயில் இருந்து குர்ஆன் ஓதினாள். எங்கள் பிள்ளைகள் ஓதும்போது கையில் தென்னோலை ஈர்க்கு ஒன்று இருக்கும். ஓதும் எழுத்தை ஈர்க்கு நுனியால் தொட்டுத் தொட்டுப் போக வேண்டும். மீராஉம்மா ஒரு பக்கமாக இருந்து நூல் சுற்றிக்கொண்டு கேட்டாள். தகப்பன் வெளிவாசலில் இருந்து வெற்றிலை போட்டுக்கொண்டு, கேளாதவர்போலக் கேட்டார்.

ஓதி முடிந்ததும் நான் துணியை அவிழ்த்துத் தமிழ்ப் புத்தகத்தைக் கொடுத்தேன். பிள்ளை விரித்தாள். தொடங்கினாள். யா அல்லாஹ், என்ன வேகம்! பசுவும் கன்றும் பாடத்தைத் தண்ணீர் ஊற்றினமாதிரிச் சொல்லிக்கொண்டு போனாள். ஒரு தடங்கல் இல்லை. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. வாசலில் வெற்றிலை மெல்லும் சத்தமும் நின்றது.

மீராஉம்மா மட்டும் முகம் மாறவில்லை. "ஈர்க்க எங்க?" என்று கேட்டாள்.

"இது பள்ளிக்கூடத்துப் புத்தகம் உம்மா. இதுக்கு ஈர்க்கு இல்ல."

"எழுத்துத்தானே? எழுத்தெண்டா ஈர்க்கு வேணும். வச்சுப் படி."

சுபைதா ஈர்க்கை எடுத்து முதல் எழுத்தில் வைத்தாள். வாய் ஓடியது. ஈர்க்கு அதன் பின்னால் தட்டுத்தடுமாறி வந்தது. வாய் பசுவைத் தாண்டிக் கன்றுக்கும் போய்ப் பாடத்தையே முடித்துவிட்டது. ஈர்க்கு பக்கத்தின் பாதியில் நின்றது.

ராட்டை நின்றது.

"இதென்னகா?" என்றாள் மீராஉம்மா. "வாய் வீட்ட வந்திட்டு. ஈர்க்கு இன்னும் வழியில நிக்கிது."

பிள்ளை தலையைக் குனிந்துகொண்டாள். விளக்கு வெளிச்சத்தில் கண்ணீர் புத்தகத்தில் விழப்போவதைக் கண்டு நான் புத்தகத்தைப் பக்குவமாக இழுத்தேன். என்ன நடந்தது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. வகுப்பில் எல்லாரும் ஒன்றாகச் சத்தம் போட்டுப் படிப்பார்கள். அந்தச் சத்தத்துக்குள் இவள் பாடத்தைக் காதால் பிடித்துவிட்டாள். எழுத்து இன்னும் பிடிபடவில்லை.

"ரெண்டு வருசம்" என்று சொன்னாள் மீராஉம்மா. சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

பிள்ளைகளே, இந்த இடத்தில்தான் கொஞ்சம் நிற்கச் சொல்கிறேன். உங்களுக்கும் இப்படி ஒரு நேரம் வரும். என் நாக்கு நுனிவரை சமாதானங்கள் வந்தன. சின்னப் பிள்ளைதானே என்று சொல்லலாம். வெளிச்சம் போதாது என்று சொல்லலாம். பயத்தில் தடுமாறிவிட்டாள் என்று சொல்லலாம். ஒன்றைச் சொல்லியிருந்தாலும் அவள் என்னைத் தேத்தண்ணி தந்து மரியாதையாக அனுப்பியிருப்பாள். நானும் சொன்ன சொல்லுக்காக அந்த வாசலை மறந்திருக்க வேண்டும்.

"ஓம் புள்ள" என்றேன். "பாடம் பண்ணித்தான் வச்சிரிக்கா. படிக்கத் தெரியல்ல."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். பள்ளிக்கூடத்து ஆள் ஒருத்தி இப்படிச் சொல்வாள் என்று எதிர்பார்க்கவில்லை.

"ஒண்டு கேக்கன்" என்றேன். "ஓதத் தொடங்கின புதுசில ஓதலையும் இப்படித்தானே வாயால முடிச்சிருப்பா?"

"முடிச்சா. விட்டனா நான்? ஈர்க்கு போற இடத்துக்குத்தான் வாய் போகோணும் எண்டு இருத்தி எடுத்தன். அழுதா. அழட்டும் எண்டு விட்டன்."

"அப்ப அதை நிப்பாட்டின ஆள் நீதான். பள்ளிக்கூடத்துல அப்படி ஒரு ஆள் இவளுக்குப் பக்கத்தில இல்ல. அங்க ஒரு ரீச்சருக்கு ஒரு வகுப்பு நிறையப் புள்ளைகள்."

"எனக்கு இந்த எழுத்துத் தெரியாதே, ராத்தா."

"எனக்கும் பாதிதான் தெரியும். ஈர்க்கு நிக்கிற இடம் தெரியுமே உனக்கு."

வாசலில் இருந்து தகப்பன் குரல் கொடுத்தார்: "அது அவக்கு நல்லாத் தெரியும். நான் எங்க நிக்கிறன் எண்டும் தெரியும்."

"வாய மூடிக்கிட்டு வெத்தில போடுங்க" என்றாள் மீராஉம்மா. ஆனால் அவள் முகத்தில் ஏதோ ஒன்று இளகியிருந்தது. நூலை ஒதுக்கி வைத்துவிட்டுப் பாயில் பிள்ளைக்குப் பக்கத்தில் வந்து இருந்தாள். "முதல்ல இருந்து வா. மெல்ல."

சுபைதா மூக்கை உறிஞ்சிக்கொண்டு தொடங்கினாள். ஒரு எழுத்து, அடுத்த எழுத்து. இரண்டு வரி போனது. ஒரு எழுத்தில் நின்றுவிட்டாள். தாய்க்குத் தெரியாது. நானும் குனிந்து பார்த்தேன். அது எனக்குத் தெரியாத பாதியில் இருந்தது. மூன்று பேரும் அந்த எழுத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தோம்.

மீராஉம்மா கையை நீட்டிச் சிவப்பு நூலில் ஒரு துண்டு அறுத்தாள். அந்த வரியில் வைத்துப் புத்தகத்தை மூடினாள். "தறியில நூல் அறுந்தா அந்த இடத்தில அடையாளம் வச்சிட்டுத்தானே எழும்புவம்? நாளைக்கு ரீச்சர்ட்டக் கேட்டுக்கிட்டு வா."

நாளைக்கு, என்றாள். நான் அதைக் காதில் வாங்கிக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் எழுந்து வந்தேன். சில நேரங்களில் வாயைத் திறக்காமல் வருவதும் வேலைதான்.

காலையில் சுபைதா வரிசையில் நின்றாள். நூல் வைத்த புத்தகத்தை ரீச்சர் விரித்தார். அந்த எழுத்தைப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தார். பிறகு அந்தப் புத்தகம் அந்த வீட்டுக்குப் போவதும் வருவதுமாக இருந்தது. சில நாள் ஒரு நூல், சில நாள் நாலைந்து. சிவப்பு முடிந்தால் பச்சை. ஒரு நாள் நிறைய நூல் வந்ததைப் பார்த்து நான் கவலைப்பட்டேன். ரீச்சர் சொன்ன சொல்லை உங்களுக்குத் தருகிறேன். எனக்குக் கிடைத்ததில் பெரிய சொல் அது.

"நூல் கூடுதா குறையுதா எண்டு பாக்காதீங்க ராத்தா. வருதா எண்டு பாருங்க. வாற வரைக்கும் அந்த வீட்டுல ஒரு ஆள் கேட்டுக்கிட்டு இருக்கா."

அதன்பிறகு அவர் வகுப்பில் எல்லாரும் ஒன்றாகப் படிப்பதைக் குறைத்து, ஒவ்வொரு பிள்ளையாகத் தன் மேசைக்குக் கூப்பிட்டுக் கேட்கத் தொடங்கினார். அலுமாரியையும் பூட்டுவதை விட்டார். என்னையும் மத்தியானத்தில் பால் சட்டி கழுவின பிறகு கூப்பிட்டு இருத்தி, எனக்குத் தெரியாத பாதியைச் சொல்லித் தந்தார். இன்றைக்கு நான் இதை எழுதுகிற கை அவர் தந்த கை.

மீராஉம்மா வீட்டில் மஃரிபுக்குப் பிறகு தமிழ் வாசிக்கும் சத்தம் வேலி தாண்டிக் கேட்டது. பக்கத்து வீட்டுத் தறிக்காரி ஒருத்தி காலையில் என்னை மறித்து, "அவட மகளுக்கு மட்டும்தானா புத்தகம்? எங்கட புள்ளைகள் என்ன, மிதியடியா?" என்று கேட்டாள். இப்படி ஒரு சண்டை வரவேண்டும் என்று நான் எத்தனையோ நாள் துஆக் கேட்டிருக்கிறேன். அந்த ஒழுங்கையில் வரிசை நீண்டது. எந்த வகுப்பும் மூடப்படவில்லை.

ஆனால் சுபைதாவின் காரியம் இன்னும் முடிவாகவில்லை. "இந்தப் புத்தகம் முடியட்டும் ராத்தா, பிறகு பாப்பம்" என்றே மீராஉம்மா சொல்லிக்கொண்டிருந்தாள். தறி இருந்தது, நூல் இருந்தது. நானும் அவசரப்படுத்தவில்லை.

பெருநாளும் போய்ச் சில காலம். ஒரு நாள் காலை சுபைதா வரிசைக்கு வரவில்லை. கூப்பிட்டேன், உள்ளேயிருந்து எண்ணெய் மணம் வந்தது, ஆள் வரவில்லை. "நீங்க போங்க ராத்தா, புள்ள இண்டைக்கு உங்களோட வராது" என்று தாயின் குரல் மட்டும் கேட்டது. மற்றப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நடந்தேன். அந்த வழி எனக்கு அன்றைக்கு மிக நீளம். ரீச்சரிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக்கூடக் கழற்றவில்லை. "நாம செய்யிறதச் செய்திட்டம்" என்று மட்டும் சொன்னார்.

பால் ஊற்றும் நேரம் வாசலில் பிள்ளைகள் சலசலத்தார்கள். திரும்பிப் பார்த்தேன். நல்ல வெயிலில், முகம் மட்டும் தெரிய முழுக்க மூடிக்கொண்டு, கையில் துணி மூடின பெரிய தட்டத்தோடு மீராஉம்மா நின்றாள். முந்தானையைப் பிடித்தபடி சுபைதா. பின்னால் சற்றுத் தள்ளித் தகப்பன், தனக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லாதவர்போல.

பகல் வெளிச்சத்தில் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு வந்த முதல் தாய் அவள்.

ரீச்சர் எழுந்து வாசலுக்கு ஓடினார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் அதுவரை கண்டதில்லை. மீராஉம்மா தட்டத்தை நீட்டினாள். உள்ளே சூடு ஆறாத பணியாரம்.

"புள்ள குர்ஆன் ஓதி முடிச்சா நாங்க எல்லாருக்கும் பணியாரம் குடுக்கிற, ரீச்சர். இவ ராவு இந்தப் புத்தகத்த முடிச்சிட்டா. ஈர்க்கோட முடிச்சா. நூல் ஒண்டும் வைக்கல்ல. அதான்."

ரீச்சர் தட்டத்தை இரண்டு கையாலும் வாங்கினார். தட்டத்தைத் தன் மேசையில் வைத்துவிட்டுத் திரும்பி வந்தார். பிறகு, "அம்மா, மூன்றாம் வகுப்புப் புத்தகம் இருக்கு. பிள்ளைட கையில குடுத்து விடவா?" என்று கேட்டார்.

"வேணாம் ரீச்சர்" என்றாள் மீராஉம்மா.

அவள் முந்தானையில் கையை நன்றாகத் துடைத்துக்கொண்டு நீட்டினாள். "எனக்கிட்டத் தாங்க. இவட கையில குடுத்தா வீட்ட வாறதுக்குள்ள வாயால முடிச்சிருவா."